பர்கண்டி திராட்சைச் சரிவுகளில் மிதிவண்டி உலா: பாதை, பின்னணி, பயணிகள் அறிய வேண்டியவை

பிரான்சின் கிழக்குப் பகுதியில் உள்ள பர்கண்டியில், திஜோன் நகருக்குத் தெற்கே தொடங்கி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தாழ்ந்த மலைச்சரிவு நீண்டு கிடக்கிறது. கிழக்கு நோக்கிய இந்தச் சரிவின் அகலம் பல இடங்களில் ஓரிரு கிலோமீட்டர்தான். ஆயினும் உலகின் மிக விலை உயர்ந்த ஒயின்களில் பல இங்கிருந்தே வருகின்றன. விரைவு ரயிலில் செல்பவருக்கு இது அரை மணி நேரத்துக்கும் குறைவான ஜன்னல் காட்சி. மிதிவண்டியில் செல்பவருக்கோ நான்கைந்து நாள்களுக்குப் போதுமான பயணம்.

பிரான்சில் திராட்சை விளையும் பகுதிகள் பலவற்றில் இன்று மிதிவண்டிப் பாதைகள் உள்ளன. அவற்றுள் பர்கண்டிப் பாதை முதல்முறை செல்பவருக்கு மிகவும் ஏற்றது. ஊர்களுக்கு இடையே தொலைவு குறைவு. ஏற்றங்கள் உண்டு, ஆனால் மூச்சு முட்டச் செய்வன அல்ல. பாதையை ஒட்டியே ரயில் தடம் செல்வதால், கால் சோர்ந்தாலும் மழை பிடித்துக்கொண்டாலும் அடுத்த நிலையத்தில் ரயில் ஏறிவிடலாம்.

மிதிவண்டியும் விடுமுறையும்

விடுமுறைக்கு மிதிவண்டியில் செல்வது பிரெஞ்சு மக்களுக்குப் புதிய நாகரிகம் அல்ல. 1936ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்நாட்டின் மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவரை விடுமுறை என்பது வசதி படைத்தோருக்கு மட்டுமே உரிய சொல்லாக இருந்தது. அந்தக் கோடையில் கடற்கரையையும் கிராமங்களையும் நோக்கிப் புறப்பட்ட தொழிலாளர் குடும்பங்களில் கார் வைத்திருந்தோர் அரிது. சலுகைக் கட்டண ரயிலில் சிலரும், மிதிவண்டியிலும் இருவர் மிதிக்கும் இரட்டை வண்டியிலும் சிலரும் சென்றனர். அந்தக் கோடையின் புகைப்படங்களில் இரட்டை மிதிவண்டியில் செல்லும் இளம் தம்பதியர் ஒரு சின்னமாகவே நிலைத்துவிட்டனர்.

அதற்கும் முன்னரே, சேந்த்-எத்தியேன் நகரில் வாழ்ந்த பால் த விவி என்பவர் மிதிவண்டிச் சுற்றுலாவை ஓர் இயக்கமாகவே வளர்த்திருந்தார். 1853இல் பிறந்து 1930இல் மறைந்த அவர், 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். மிதிவண்டிக்கென ஓர் இதழையும் நடத்தினார். நீண்ட பயணம் செல்வோருக்கு அவர் வகுத்த விதிகள் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. பசிக்கும் முன் உண்ண வேண்டும், தாகம் எடுக்கும் முன் நீர் அருந்த வேண்டும், பெருமைக்காக மிதிக்கக் கூடாது என்பவை அவற்றுள் சில. பயணத்தின்போது ஒயினையும் இறைச்சியையும் புகையிலையையும் தவிர்க்க வேண்டும் என்பதும் அவர் வகுத்த விதியே. திராட்சைத் தோட்டங்களின் நாட்டில் மிதிவண்டிச் சுற்றுலாவின் தந்தையாகக் கருதப்படுபவர் ஒரு சைவ உணவினர் என்பதும், மிதிக்கும்போது ஒயின் வேண்டாம் என்றவர் என்பதும் இந்திய வாசகர்களுக்குச் சற்று வியப்பளிக்கலாம்.

போன் நகரிலிருந்து

பயணத்தின் இயல்பான தொடக்கம் போன் நகரம். பெயர் தமிழில் தொலைபேசியை நினைவூட்டினாலும், பர்கண்டி ஒயின் வணிகத்தின் தலைநகர் இதுதான். பாரிசிலிருந்து திஜோனுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். அங்கிருந்து வட்டார ரயிலில் போன் நகருக்குச் சுமார் 20 நிமிடம்.

நகரின் நடுவே, மஞ்சள், சிவப்பு, பச்சை, கரும்பழுப்பு வண்ணங்களில் மெருகூட்டிய ஓடுகள் வேய்ந்த கூரையுடன் நிற்கிறது 'ஒத்தெல்-தியூ' என்னும் பழைய மருத்துவமனை. நூறாண்டுப் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், போரும் பஞ்சமும் சூழ்ந்த ஊரில், ஏழைகளுக்காக 1443இல் இதனை நிறுவியவர்கள் பர்கண்டிக் கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலானும் அவர் மனைவி கிகோன் த சாலானும் ஆவர். 1452 ஜனவரி 1 அன்று முதல் நோயாளி அனுமதிக்கப்பட்டார். 1971 வரை, அதாவது ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக, அதே கட்டடத்தில் நோயாளிகள் பராமரிக்கப்பட்டனர். இன்று அது அருங்காட்சியகம். ஓவியர் ரோகியர் வான் டர் வெய்டன் தீட்டிய 'இறுதித் தீர்ப்பு' என்னும் பல பலகை ஓவியம் இங்குதான் உள்ளது. இறக்கும் தறுவாயில் இருந்தவர்களின் படுக்கைகளுக்கு எதிரே வைப்பதற்காகவே அது வரையப்பட்டது என்பதை அறிந்து பார்க்கும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது.

இந்த மருத்துவமனைக்கு நூற்றாண்டுகளாகப் பலரும் திராட்சை நிலங்களைக் கொடையாக அளித்து வந்துள்ளனர். அந்த நிலங்களின் ஒயின் 1859 முதல் ஆண்டுதோறும் பொது ஏலத்தில் விற்கப்படுகிறது; நவம்பர் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் இந்த ஏலத்தின் வருவாய் இன்றும் மருத்துவப் பணிகளுக்குச் செல்கிறது. கோயில் நிலங்களின் விளைச்சலில் அறச்செலவு நடைபெறும் முறையை அறிந்தவர்களுக்கு இதன் ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

போன் நகரின் தெற்கு எல்லையிலிருந்து 'திராட்சைக் கொடிகளின் வழி' என்று பெயரிடப்பட்ட மிதிவண்டிப் பாதை தொடங்குகிறது. பொமார், வொல்னே, மெர்சோ, புலினி-மோன்ராஷே, ஷசான்-மோன்ராஷே ஆகிய ஊர்களைத் தொட்டு, சுமார் 22 கிலோமீட்டர் சென்று சாந்தனே என்ற ஊரை அடைகிறது. உலகெங்கும் உணவகப் பட்டியல்களில் பெரும் விலையுடன் அச்சிடப்படும் பெயர்கள் இவை. நேரில் காணும்போது ஒவ்வொன்றும் சில தெருக்களும் ஒரு தேவாலயக் கோபுரமும் கொண்ட சிற்றூர் மட்டுமே. இந்தத் தொலைவை விரைந்து மிதித்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அப்படி முடிப்பவர் எதையும் பார்த்திருக்க மாட்டார்.

பாதையின் பெரும்பகுதி தோட்டங்களுக்கு நடுவே செல்லும் பண்ணைத் தடங்களே. எனவே இது பொழுதுபோக்குக்கென்று போடப்பட்ட பூங்காப் பாதை அல்ல, மற்றவர்களின் பணியிடம். கொடி வரிசையின் இருபுறமும் கால் அகட்டி நிற்பது போன்ற உயரமான டிராக்டர்கள் எதிரே வரும். அவற்றுக்கு ஒதுங்கி வழிவிடுவதே வழக்கம். மண் இறுகிவிடக் கூடாது என்பதற்காகச் சில தோட்டங்களில் மீண்டும் குதிரை பூட்டி உழுகின்றனர்.

ஒரு சரிவு, 1,247 துண்டுகள்

இந்தச் சரிவில் பார்க்க வேண்டியது என்ன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சென்றால், எல்லாத் தோட்டமும் ஒன்றுபோலவே தோன்றும். இங்கு ஒயினுக்கு மதிப்பு தருவது தயாரிப்பாளரின் பெயரோ திராட்சை வகையோ மட்டுமல்ல, நிலத்துண்டின் பெயர். எல்லை வரையறுக்கப்பட்டு, பெயரிடப்பட்டு, நூற்றாண்டுகளாகத் தனித்தன்மை அறியப்பட்ட ஒவ்வொரு துண்டையும் 'கிளிமா' என்கின்றனர். தட்பவெப்பத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் இதுவே. ஆனால் பர்கண்டியில் அது நிலத்தைக் குறிக்கிறது. இத்தகைய 1,247 துண்டுகள் அடங்கிய நிலப்பரப்பை, திஜோன், போன் நகர மையங்களுடன் சேர்த்து, 2015 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சரிவின் அடியில் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புக் களிமண்ணும் மாறி மாறிப் படிந்துள்ளன. மேட்டில் மண் மெலிந்து பாறை தெரியும். அடிவாரத்தில் மண் கனத்து நீர் தேங்கும். இரண்டுக்கும் நடுவே, நீர் வடியும் அளவுக்குச் சாய்வும் வேர் இறங்கும் அளவுக்கு மண்ணும் உள்ள பட்டையில்தான் உயர்தர நிலங்கள் அமைந்துள்ளன. இதை நூல் படித்து அறிவதைவிட மிதித்து அறிவது எளிது. சமதளத்தில் உள்ள தேசிய நெடுஞ்சாலை ஓரத்துக் கொடிகள் சாதாரண வட்டார ஒயினுக்கு உரியவை. அங்கிருந்து சரிவில் ஏறத் தொடங்கினால் முதலில் ஊர்ப்பெயர் தாங்கும் தோட்டங்கள், பிறகு முதல்தரத் தோட்டங்கள், சில இடங்களில் அதற்கும் மேலான உச்சத்தரத் தோட்டங்கள் என்று படிநிலை மாறும். தொடையில் வலி தொடங்கும் இடத்தில் ஒயினின் விலையும் ஏறத் தொடங்குகிறது எனலாம். இன்னும் ஏறினால் காடு வந்துவிடும், விலையும் இறங்கிவிடும். உச்சத்தர மதிப்புப் பெற்ற நிலங்கள் பர்கண்டி முழுவதிலும் 33 மட்டுமே. மொத்த உற்பத்தியில் அவற்றின் பங்கு நூற்றில் ஒன்று அளவுதான்.

சிவப்பு ஒயினுக்குப் பினோ நுவார், வெள்ளை ஒயினுக்கு ஷார்டனே என்ற இரு திராட்சை வகைகளே இங்கு பெரிதும் பயிராகின்றன. இதற்குப் பின்னால் ஓர் அரசாணையும் உண்டு. அதிகம் காய்க்கும் கமே என்ற வகையைப் பயிரிடக் கூடாது என்று 1395இல் பர்கண்டிக் கோமகன் பிலிப் தடை விதித்தார். எளிய உழவர்களுக்குக் கமே லாபமானது. கோமகனுக்கோ தன் நாட்டு ஒயினின் பெயர் முக்கியம். அந்த வகை தெற்கே பொஜோலே பகுதியில் இன்று தழைத்து நிற்கிறது.

கொடிகள் வரிசை வரிசையாக நிற்பது தொன்மையான காட்சி என்று பயணிகள் எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்னும் நுண்பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களை அரித்து அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடி வேரின் மீது பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டியே தோட்டங்கள் மீட்கப்பட்டன. அவ்வாறு மறுநடவு செய்தபோதுதான் உழுவதற்கு வசதியாக வரிசை முறை பரவியது. அதற்கு முன் கொடிகள் ஒழுங்கின்றி நெருங்கி வளர்ந்தன.

வடக்கே ஒரு மதில்

போன் நகருக்கு வடக்கே திஜோன் வரையிலான பகுதியும் மிதிவண்டிக்கு உகந்ததே. சிறு சாலைகளும் தோட்டத் தடங்களும் இணைந்த வழி அது. போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலையைத் தவிர்த்து, சரிவின் மேல் உள்ள ஊர்ச் சாலைகளில் செல்வது நலம். நுயி-சேன்-ஜார்ஜ், வோன்-ரொமானே, வூஜோ, ஷாம்போல்-முசினி, ஜெவ்ரே-ஷாம்பெர்தான் ஆகிய ஊர்கள் இவ்வழியில் வருகின்றன. ஊர்ப்பெயர்கள் இரட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜெவ்ரே என்ற ஊர் தன் புகழ்பெற்ற தோட்டமான ஷாம்பெர்தானின் பெயரை 1847இல் தன் பெயருடன் இணைத்துக்கொண்டது. மற்ற ஊர்களும் பின்தொடர்ந்தன.

வூஜோவில் மதில் சூழ்ந்த 50 ஹெக்டேர் தோட்டம் ஒன்று உள்ளது. 1098இல் அருகிலுள்ள சித்தோவில் மடம் அமைத்த சிஸ்டர்சியன் துறவியர், அடுத்த நூற்றாண்டிலிருந்து இங்கே நிலம் சேர்த்துக் கொடி வளர்த்தனர். பிரெஞ்சுப் புரட்சியின்போது திருச்சபை நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டு விற்கப்பட்டன. இன்று அந்த ஒரே மதிலுக்குள் ஏறத்தாழ 80 உரிமையாளர்கள் இருக்கின்றனர். பிள்ளைகள் அனைவருக்கும் சொத்தில் பங்கு என்ற பிரெஞ்சு வாரிசுரிமைச் சட்டம் தலைமுறைதோறும் நிலத்தைக் கூறுபோட்டதன் விளைவு இது. சில உரிமையாளர்களிடம் இருப்பது சில வரிசைக் கொடிகள் மட்டுமே.

வோன்-ரொமானேயில் தாழ்ந்த கல் சுவருக்குப் பின்னால் உள்ள ரொமானே-கோன்ட்டி என்ற தோட்டத்தின் பரப்பு 1.81 ஹெக்டேர்; நம் கணக்கில் நாலரை ஏக்கருக்குச் சற்றே குறைவு. அதன் ஒயினை வாங்கக்கூடியவர்கள் உலகில் மிகச் சிலர். ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே மிதிவண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நிற்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

இத்தகைய புகழ் உள்ளூர்க் குடும்பங்களுக்கு வரமாக மட்டும் அமையவில்லை. உச்சத்தர நிலத்தின் விலை ஒரு ஹெக்டேருக்குப் பல மில்லியன் யூரோ என்ற அளவை எட்டிவிட்டதால், தந்தை இறந்ததும் வாரிசு வரி செலுத்துவதே பிள்ளைகளுக்குப் பெரும் சுமையாகிறது. ஒரு சகோதரர் பயிர் செய்ய விரும்பினாலும், மற்றவர்களின் பங்கை விலைக்கு வாங்க அவருக்கு வழியிருப்பதில்லை. அந்த இடத்தில் பெரும் செல்வக் குழுமங்கள் நுழைகின்றன. 2014இல் குளோ தே லாம்ப்ரே என்ற தோட்டமும், 2017இல் 12ஆம் நூற்றாண்டு முதல் மிகச் சில உரிமையாளர்களையே கண்டிருந்த குளோ த தார் என்ற தோட்டமும் ஆடம்பரப் பொருள் வணிகத்தில் உள்ள குழுமங்களின் கைக்குச் சென்றன. வாசலில் வண்டியை நிறுத்தி, கைகழுவிக்கொண்டு வரும் உழவரிடமே ஒரு குவளை சுவைத்துப் பேசிவிட்டு வரும் அனுபவம் அரிதாகி வருவதன் பின்னணி இதுவே.

கால்வாயும் கைவிடப்பட்ட ரயில் தடமும்

சாந்தனேவுக்குப் பிறகு பயணத்தின் இயல்பு மாறுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டப்பட்ட மத்தியக் கால்வாயின் கரையை ஒட்டி, மதகுகளைத் தாண்டித் தாண்டி, சமதளப் பாதை ஷலோன்-சுர்-சோன் நகருக்குச் செல்கிறது. ஒளிப்பட நுட்பத்தின் முன்னோடி நிசெபோர் நியேப்ஸ் பிறந்த ஊர் இது. அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகமும் உள்ளது.

அங்கிருந்து சற்று மேற்கே உள்ள ஜிவ்ரியில், 1997இல் திறக்கப்பட்ட 'பசுமை வழி' தொடங்குகிறது. கைவிடப்பட்ட ரயில் தடத்தின் தண்டவாளங்களை அகற்றி, தார் பூசி, மோட்டார் வாகனங்களைத் தடைசெய்து அமைக்கப்பட்ட இப்பாதையே பிரான்சில் இவ்வகையில் முதலாவது. குளூனி வரை 44 கிலோமீட்டர். ரயிலுக்காக அமைந்த தடம் என்பதால் ஏற்றம் மிக மெதுவாகவே வரும். பழைய நிலையக் கட்டடங்கள் ஆங்காங்கே அப்படியே நிற்கின்றன. சிறுவர்களோடும் முதியவர்களோடும் செல்வோர், போன் நகரப் பகுதியைவிட இந்தப் பகுதியையே விரும்பக்கூடும்.

குளூனியில் 910ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மடம், இடைக்கால ஐரோப்பாவின் மிகப் பெரிய சமய அதிகார மையங்களுள் ஒன்று. 1088இல் அங்கு கட்டத் தொடங்கிய பெருந்தேவாலயம், ரோமில் புனித பேதுரு பேராலயம் மீண்டும் கட்டப்படும்வரை கிறித்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயமாக விளங்கியது. புரட்சிக்குப் பிறகு அது விற்கப்பட்டு, கல்லுக்காக இடிக்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சிய ஒற்றைக் கோபுரத்தைப் பார்த்து முழுமையை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

குளூனிக்குத் தெற்கே மாக்கோன் நகரை நோக்கிச் செல்லும் தடத்தில் சுமார் 1,600 மீட்டர் நீளமுள்ள பழைய ரயில் சுரங்கம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே உறங்குவதால் அம்மாதங்களில் சுரங்கம் மூடப்படும்; பயணிகள் குன்றின் மேல் ஏறிச் சுற்றிச் செல்ல வேண்டும். சுரங்கத்துக்கு அப்பால் சொலுத்ரே பாறையும், பூயி-ஃபுயிஸ்ஸே வெள்ளை ஒயின் விளையும் ஊர்களும் உள்ளன. அங்குள்ள 22 நிலத்துண்டுகளுக்கு 2020இல்தான் முதல்தர மதிப்பு வழங்கப்பட்டது. போன் முதல் மாக்கோன் வரை மொத்தத் தொலைவு ஏறத்தாழ 125 கிலோமீட்டர். திரும்பும்போது ரயில் உள்ளது.

சட்டமும் வழக்கமும்

பிரான்சில் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் மது அளவுக் கட்டுப்பாடு உண்டு. இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு காருக்கும் மிதிவண்டிக்கும் ஒன்றே. மீறினால் 135 யூரோவிலிருந்து அபராதம் தொடங்கும். சுவைக்கும் இடங்களில் உமிழ்வதற்கென்று கலம் வைத்திருப்பர். சுவைத்துவிட்டு உமிழ்வது அங்கு அநாகரிகம் அல்ல, தொழில் வழக்கம். ஒயின் வணிகர்கள் அனைவரும் அவ்வாறே செய்கின்றனர். அருந்த விரும்புவோர் மாலையில், வண்டியை விடுதியில் நிறுத்திய பிறகு அருந்துவதே முறை. மது அருந்தாதவர்களுக்கும் இந்தப் பயணம் முழுமையானதே. நிலவறைகளையும் நிலத்தையும் பார்க்க யாரும் குவளை ஏந்த வேண்டியதில்லை.

12 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். மற்றவர்களுக்கு விருப்பம், ஆயினும் அணிவதே நல்லது. இரவிலும் மூடுபனியிலும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேலுடை அணிய வேண்டும். காதில் ஒலிக்கருவி பொருத்தி ஓட்டுவது 2015 முதல் குற்றம். வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்லும் நாடு என்பதை முதல் நாள் காலையில் ஒருமுறைக்கு இருமுறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். மேலும், பலகை இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. குறுகிய சிற்றூர்த் தெருக்களில் இந்த விதியை மறப்பது ஆபத்து.

கொடியிலிருந்து ஒரு குலையைப் பறிப்பதும் திருட்டாகவே கருதப்படும். மருந்து தெளித்த தோட்டத்துக்குள் குறிப்பிட்ட நேரம் வரை நுழையக் கூடாது என்ற விதியும் உண்டு. மருந்து தெளிப்பு அங்கே ஓயாத விவாதப் பொருள். போன் நகர இயற்கை வேளாண் உழவர் ஒருவர், கொடி நோயைப் பரப்பும் பூச்சிக்கு எதிராக அரசு கட்டாயமாக்கிய மருந்தைத் தெளிக்க மறுத்ததற்காக 2014இல் தண்டிக்கப்பட்டார். அதே ஆண்டு இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது.

குடும்பத் தோட்டங்களுக்குச் செல்ல முன்கூட்டியே நேரம் கேட்டுப் பெற வேண்டும். போன் நகரில் உள்ள பெரிய வணிக நிறுவனங்களின் நிலவறைகளில் அந்தக் கட்டுப்பாடு குறைவு. கடையிலோ விடுதியிலோ நுழைந்ததும் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. அந்த ஒரு சொல் பல கதவுகளைத் திறக்கும்.

உணவில் சைவர்கள் கவனமாக இருத்தல் வேண்டும். காய்கறி உணவு என்று வரும் தட்டிலும் பன்றி இறைச்சித் துணுக்குகள் தூவப்பட்டிருக்கலாம். பெரும்பாலான மரபுவழிப் பாலாடைக்கட்டிகள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் தயாராகின்றன என்பதையும் கண்டிப்பான சைவர்கள் அறிந்திருக்க வேண்டும். காலையில் ரொட்டிக் கடையிலும் சந்தையிலும் ரொட்டி, தக்காளி, பழம், கொட்டைகள் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதே எளிய வழி. ஞாயிறு மாலையும் திங்கட்கிழமையும் பல உணவகங்கள் மூடியிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் சமையலறையைத் திறக்கச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை.

மிதிவண்டியை இந்தியாவிலிருந்து கொண்டு செல்லத் தேவையில்லை. போன், திஜோன், ஷலோன் போன்ற நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கிறது. மின்கல உதவி கொண்ட வண்டியும் கிடைக்கும். ஐரோப்பிய விதிப்படி அதன் மோட்டார் உதவி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிடும். மிதிவண்டிப் பயணிகளை ஏற்கும் விடுதிகளில் 'அக்கேய் வேலோ' என்ற அடையாளப் பலகை இருக்கும். பூட்டிய கொட்டகை, பழுதுபார்க்கும் கருவிகள் ஆகியவை அங்கே உண்டு.

இந்தியர்களுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். கோடைக் காலத்தில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே கடினம் என்பதால் முன்கூட்டியே முயல்வது அவசியம். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும்.

எப்போது செல்வது

மே, ஜூன் மாதங்களும் செப்டம்பரும் ஏற்றவை என்பது வழக்கமான அறிவுரை. ஜூலை, ஆகஸ்டில் நிழலற்ற தோட்டத் தடங்களில் நண்பகல் வெயில் கடுமையாக இருக்கும். ஆனால் அறுவடையைக் காண விரும்புவோருக்குப் பழைய கையேடுகள் தரும் தேதி இப்போது பயன்படாது.

போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய நாள் 1354 முதல் ஆவணங்களில் பதிவாகியுள்ளது. 2019இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த 664 ஆண்டுப் பதிவுகளைத் தொகுத்தது. 1987 வரை அறுவடை சராசரியாக செப்டம்பர் 28 அன்று தொடங்கியது; 1988க்குப் பின் சராசரி 13 நாள் முந்திவிட்டது. 2020இல் ஆகஸ்டிலேயே பல தோட்டங்களில் அறுவடை நடந்தது. ஊர் மன்றம் கூடி அறுவடை நாளை அறிவித்த காலத்தின் எளிய கணக்கேடு, இன்று பருவநிலை மாற்றத்துக்கு ஐரோப்பாவின் மிக நீண்ட சான்றுகளில் ஒன்றாகிவிட்டது.

வெப்பம் கூடினால் குளிரின் ஆபத்து குறையும் என்றும் சொல்வதற்கில்லை. 2021 மார்ச் இறுதியில் நிலவிய வெதுவெதுப்பில் கொடிகள் முன்னதாகவே துளிர்த்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி இறங்கியது. உழவர்கள் இரவெல்லாம் வரிசைகளுக்கு நடுவே மெழுகு விளக்குகளையும் வைக்கோலையும் எரித்துக் காவல் இருந்தனர். முதலில் துளிர்க்கும் ஷார்டனேவுக்கே அடி அதிகம் விழுந்தது. மே 11, 12, 13 ஆகிய 'பனிப் புனிதர்' நாள்கள் கழியும்வரை உறைபனி அச்சம் நீங்காது என்பது அங்குள்ளோர் தலைமுறைகளாகச் சொல்லி வருவது. முன்பு மே மாதத் துளிரைக் காத்த அந்தக் கணக்கு, ஏப்ரலுக்கு முன்பே துளிர்க்கும் கொடிக்குப் போதவில்லை.

பர்கண்டிக்கு வெளியே செல்ல விரும்புவோருக்கும் வழிகள் பல. லுவார் ஆற்றை ஒட்டிய பாதை சுமார் 900 கிலோமீட்டர்; அரண்மனைகளும் வூவ்ரே, ஷினோன், சொமூர் ஒயின் ஊர்களும் அதில் வரும். அல்சாசில் மர்லென்ஹைம் முதல் தான் வரை, மரச்சட்ட வீடுகள் நிறைந்த ஊர்கள் வழியே ஒரு பாதை உண்டு. ஏற்றங்கள் சற்று அதிகம். போர்தோ அருகே பழைய ரயில் தடத்தில் அமைந்த பாதைக்கு ரோஜே லப்பெபியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பற்சக்கரம் மாற்றும் கருவிக்கு முதன்முறை அனுமதி தரப்பட்ட 1937ஆம் ஆண்டு டூர் த பிரான்ஸ் போட்டியில் வென்றவர் அவர். அந்த வழியே செல்வோர் வேரோடு பிடுங்கப்பட்ட வெற்றுத் தோட்டங்களையும் காணக்கூடும். 1960களில் ஆண்டுக்கு நபருக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் அருந்திய பிரெஞ்சு மக்கள், இன்று அதில் பாதியும் அருந்துவதில்லை. விற்காத ஒயினுக்காகக் கொடியை வளர்ப்பதைவிட அகற்றுவதற்கு அரசு தரும் இழப்பீட்டை ஏற்பதே மேல் என்று போர்தோவில் பல உழவர்கள் 2023 முதல் முடிவு செய்து வருகின்றனர்.

அறுவடை நாளை அறிந்து பயணத்தை அமைக்க விரும்புவோர், விடுதியை முன்பதிவு செய்யும்போதே மாற்றத்துக்கு இடம் வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்தந்த ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். அறுவடை வாரங்களில் விடுதி அறைகள் கிடைப்பது கடினம். தோட்டங்களில் பயணிகளை வரவேற்று நிலவறையைச் சுற்றிக் காட்டவும் யாருக்கும் நேரம் இராது.